ஈவ்லின் டீச்சருக்கு முன்னால்

வாய்ப்புற்றை வெட்டிய டாக்டர் என் நாக்கில் பாதியையும் தாடையில் கொஞ்சத்தையும் சேர்த்தே எடுத்துவிட்டார். தாம்பரம் ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டரில் முப்பத்தொன்பது வருஷம் பத்து கோடிப் பேரை அதட்டிய நாக்கு. மிச்சமுள்ள பாதி என் மனைவி தபீதாளைச் சமாளிக்கப் போதும்.

தொல்லை உதட்டில்தான். வலது ஓரம் மரத்துப்போனது. எதைக் குடித்தாலும் செம்பரம்பாக்கம் ஏரி மதகைத் திறந்த மாதிரி கொட்டும், எனக்குத் தெரியாது. எதிரே இருப்பவர் முகம் சுளிப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

ஒன்பது மாதமாக வெளியாள் முன்னால் காப்பிகூடக் குடிக்கவில்லை. சர்ச்சில் திருவிருந்து நேரத்தில் பெஞ்சை விட்டு எழவில்லை. திராட்சை ரசம் குடிக்க எங்கள் எல்லாருக்கும் ஒரே பாத்திரம். நான் வாய் வைத்த பிறகு யார் அதைத் தொடுவார்கள்?

போன ஞாயிறு ஒரு சதி செய்தேன். எல்லாரும் போய்வந்தபின் கடைசி ஆளாக முழங்காலிட்டேன். மீதி ரசத்தை ஆயர்தான் குடித்து முடிக்க வேண்டும். அது அவர் பாடு.

பக்கத்தில் யாரோ மூச்சிரைக்க முழங்காலிட்டார்கள். பல்லாவரத்தில் பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்த ஈவ்லின் டீச்சர்! கல்யாண வீட்டுக்கே சொந்த டம்ளர் கொண்டுபோகிறவர். சோப்பையே சோப்புப் போட்டுக் கழுவுகிறவர்.

“டீச்சர், நீங்க முன்னாடி வாங்க.”

“முதல்ல வந்தது நீங்கதானே? திரும்புங்க சார், ஆயர் வந்துட்டாரு.”

குடித்தேன். வெள்ளைச் சட்டையில் சிவப்பு. ஆயர் பாத்திரத்தின் விளிம்பைத் துணியால் துடைத்து டீச்சரிடம் நீட்டினார். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். சத்தியமாக ஜெபிக்க அல்ல.

ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். டீச்சர் பாத்திரத்தைச் சாய்த்து, அண்ணாந்து, தேடித் தேடிக் குடித்துக்கொண்டிருந்தார்.

சர்ச் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். “ஒன்பது மாச பாக்கியையும் ஒரே நாள்ல குடிச்சிடறதா சார்? எனக்கு ஒரு சொட்டுதான் இருந்துச்சு!”

“பாதி சட்டையில கீது டீச்சர்.”

அவர் சிரித்த சிரிப்பில் தாம்பரம் சானடோரியம் வரை காக்கைகள் பறந்திருக்கும். “வாங்க, டீ குடிக்கலாம்.”

தெருமுனைக் கடையில், பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க நின்று குடித்தேன். டீச்சர் யார் வீட்டு மருமகளைப் பற்றியோ குறை சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில், பேச்சை நிறுத்தாமலே, “வலது பக்கம் சார்” என்றார்.

துடைத்துக்கொண்டு, இன்னொரு டீ சொன்னேன்.