சிவப்பு மூடி போட்ட ரேடியோ

ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று வரவழைத்த அண்ணனுக்கு ஒரு நாள்கூட ஒழியவில்லை. அவனும் அண்ணியும் வேலைக்குப் போய்விட்டால், அந்நிய ஊரில் தங்கைக்குச் சுவரைப் பார்த்து உட்காருவதைத் தவிர வேறு வேலை இல்லை. பொறுத்துப் பார்த்துவிட்டுப் பழைய சாமான் சந்தைக்குத் தனியாகவே கிளம்பினாள். "அங்க எல்லாம் குப்பை. நீங்க எதுக்கு அலையணும்?" என்று அண்ணி எவ்வளவோ சொன்னாள்.

குப்பைதான். யாரோ கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடிகள், மூடியில்லாத டீ ஜாடி, முகம் தெரியாதவர்களின் கல்யாண ஆல்பம். பரணில் கிடந்தால் ஓட்டை உடைசல், வெல்வெட் துணி விரித்து வைத்துவிட்டால் கலைப்பொருளாம். வாய்க்குள் திட்டிக்கொண்டே, ஆனால் ஒரு கடையையும் விடாமல் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

கடைசி வரிசையில் கால் நின்றுவிட்டது. ஒரு மர ரேடியோ. சத்தம் கூட்டும் திருகு இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புப் பற்பசை மூடி. பக்கவாட்டில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு. சந்தேகமே இல்லை, அம்மாவின் ரேடியோ.

அந்தத் திருகைப் பிடுங்கி உடைத்தவன் அண்ணன். சின்ன வயதில், உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பதற்காக. "பாப்பாதான் உடைச்சா" என்று கூசாமல் சொன்னவனும் அவனே. அடி விழுந்தது இவள் முதுகில். அம்மா பற்பசை மூடியைச் சூடு காட்டி அழுத்திப் பொருத்தினாள். கடைசிவரை அதைத் திருகித்தான் பாட்டுக் கேட்டாள்.

படுக்கையில் விழுந்த அம்மாவுக்கு எல்லாம் செய்தது இவள். அம்மா போனபின் தனக்கென்று அந்த ரேடியோ ஒன்றைத்தான் கேட்டாள். அண்ணனோ சொந்தபந்தங்களுக்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா ஞாபகமா எங்கிட்ட அது ஒண்ணாவது இருக்கட்டும்" என்றான். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். இவள் விட்டுக்கொடுத்தாள். அதைத் தூக்கிக்கொண்டுதான் விமானம் ஏறினான். இவள் இங்கே வந்து இறங்கிய அன்றே அதைப் பார்க்கக் கேட்டதற்கு, "மேல அலமாரியில பத்திரமா இருக்கு, எடுத்துத் தரேன்" என்றான்.

பத்திரத்தின் லட்சணம் இப்போது தெரிந்தது.

"இது எங்க அம்மாவோடது" என்றாள், தெரிந்த அரைகுறை பாஷையில்.

"வர்றவங்கள்ல பாதிப் பேர் இதைத்தான் சொல்றாங்க" என்றார் கடைக்காரர். பிறகு சிவப்பு மூடியைத் தட்டிக் காட்டினார். "இப்படி ஒண்ணு வேற எங்கயும் கிடைக்காது. அதான் விலை கொஞ்சம் கூட."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மூடிக்காக அடி வாங்கியதும் அவள், அதே மூடிக்காகக் கூடுதல் விலை கொடுப்பதும் அவளா? கைப்பையில் இருந்ததை அப்படியே எடுத்து நீட்டினாள். சந்தைக்குப் போக வேண்டாம் என்று அண்ணி ஏன் தடுத்தாள் என்பது இப்போது புரிந்தது. திரும்பும் வழியெல்லாம் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணியை நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதில் அடுக்கிக்கொண்டே வந்தாள்.

மாலையில் சாப்பாட்டு மேசையின் நடுவில் அதை வைத்தாள். முதலில் வந்த அண்ணிக்கு முகம் வெளுத்தது.

"வீடு மாத்தும்போது இடமே இல்ல, அதான் குடுத்துட்டேன். அவருக்குத் தெரியாது. சொல்லிடாதீங்க" என்று கிசுகிசுத்தாள்.

அடுக்கி வைத்ததை இவள் அவிழ்ப்பதற்குள் அண்ணன் உள்ளே வந்தான்.

"அட, சந்தையில புடிச்சியா? அம்மாவோடதும் இதே மாதிரிதான்." மூடியைத் திருகிப் பார்த்து முகம் சுளித்தான். "எவனோ பேஸ்ட் மூடிய மாட்டி உன் தலையில கட்டிட்டான். அம்மாவோடதுல திருகெல்லாம் ஒரிஜினல், அப்படியே இருக்கும்."

அண்ணி மேல் இருந்த கோபம் அந்த நிமிஷமே இடம் மாறியது. அவளாவது பொருளைத்தான் தொலைத்தாள். இவன் உடைத்ததை மறந்திருந்தான், பொய் சொன்னதை மறந்திருந்தான், தங்கை முதுகில் விழுந்த அடியையும் மறந்திருந்தான். அப்படியென்றால் அன்று எதைக் கேட்டு அழுதான்?

ரேடியோவைத் தூக்கி இடுப்பில் அணைத்துக்கொண்டாள்.

"அம்மாவோடதை நீயே பத்திரமா வச்சுக்கோ அண்ணா" என்றாள். "இது என்னோடது."