ஒரு லிட்டர் சத்தியம்

வேங்கடபதி முதலாளி என்னைத் திருடன் என்று சொன்ன இடம் பந்தல்குடி பெட்ரோல் பங்க். காலை பத்து மணி. தூத்துக்குடிக்குப் போகிற லாரிகள் ஏழெட்டு வரிசையில் நின்றன. எதிரே மாரிக்கனியின் டீக்கடையில் உட்கார இடமில்லை. இதையெல்லாம் ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்ட பிறகுதான் அவர் சத்தம் போட்டார் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

"நேத்து சாயங்காலம் பத்து லிட்டர் போட்டது. இன்னைக்கு பெட்ரோல் முள்ளு கீழ கெடக்கு. வண்டி குடிச்சுச்சா, இல்ல நீ வித்துக் குடிச்சியா? திருட்டுப்பயலே!"

லாரிக்காரர்கள் திரும்பினார்கள். ஒருத்தன், "அண்ணே, நமக்கும் ரெண்டு லிட்டர் சல்லிசாக் குடுங்கண்ணே" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மாரிக்கனி சிரிக்கவில்லை. ஆனால் வழக்கமாக நான் கேட்காமலே டீ நீட்டுகிறவன் அன்றைக்கு நீட்டவில்லை.

அது எழுபத்து நாலு, தை மாதம். பெட்ரோல் விலை எகிறிப்போய், டிரைவர் என்றாலே டேங்கில் டியூபைப் போட்டு உறிஞ்சுகிறவன் என்று ஊரே பேசிய காலம். பேசியதில் பாதி உண்மைதான், எனக்குத் தெரிந்தே நாலு பேர் உறிஞ்சினார்கள். நான் உறிஞ்சவில்லை. திருடன் என்று பேர் விழுந்த டிரைவர் கையில் அருப்புக்கோட்டையில் ஒருத்தரும் சாவி கொடுக்க மாட்டார்கள். எனக்கு வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபது தறிக்கு நூல் கொடுத்துச் சேலை வாங்குகிறவர். கறுப்பு அம்பாசிடர். வெளியே தமிழ், வீட்டில் தெலுங்கு. காரின் பின் சீட்டும் அவருக்கு வீடுதான். மனைவி லிங்கம்மாளோடு ஊர்க் கதையெல்லாம் அங்கே தெலுங்கில் ஓடும். ஐந்து வருஷம் ஓட்டியதில் எனக்கு ஒரு சொல் விடாமல் புரியும். எனக்குப் புரிகிறது என்பது அவருக்கும் தெரியும்.

ஆயுத பூசைக்கு அவர்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. தறியிலிருந்து முதலில் அறுத்த துணியைத் துவைக்காமல், கஞ்சி மொடமொடப்போடு, கிழித்து, தொழிலுக்கு உதவுகிற எல்லாவற்றுக்கும் கட்டுவார்கள். தறிக்கு, ராட்டைக்கு, தராசுக்கு, காருக்கு. தண்ணீரில் நனைத்துவிட்டால் அது கோடித்துணி இல்லை. எழுபத்திரண்டில் காரின் முகப்பில் கட்டியது விருதுநகர் ரோட்டில் பறந்துபோனது. அபசகுனம் என்று அதற்கும் எனக்குத்தான் ஏச்சு. அதனால் அடுத்த வருஷம் அவரே பானட்டைத் திறந்தார். எஞ்சினுக்குள் போகிற காற்றை வடிகட்டுகிற ஏர் கிளீனர் இருக்கிறதே, அதற்கு மூக்கு மாதிரி ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். கோடித்துணியை இரண்டாக மடித்து, அந்த மூக்கை மூடி, மஞ்சள் நூலால் இறுக்கிக் கட்டினார்.

"பறந்தும் போகாது, ரோட்டுத் தூசியும் உள்ள போகாது" என்று தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டார். பிறகு என்னிடம், "ஏலே ஞானராசு, அடுத்த ஆயுத பூசை வரைக்கும் இதுல கை படக்கூடாது. நீ சர்ச்சுக்குப் போற வேதக்காரன். ஒனக்கு இதெல்லாம் வெளாட்டு" என்றார்.

நான் கை வைக்கவில்லை. துணிதானே, காற்று நுழையாமலா போய்விடும் என்று நினைத்தேன். அது என் முட்டாள்தனம், ஒத்துக்கொள்கிறேன்.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த பிறகு வண்டிக்குச் சீக்கு வந்தது. பின்னால் கரும்புகை. மேட்டில் இழுவை இல்லை. பெட்ரோல் இருந்த இடம் தெரியாமல் தீர்ந்தது. சங்கரபாண்டியன் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அருப்புக்கோட்டையில் நல்ல மெக்கானிக் அவன்தான். வாய்தான் ஆகாது. பிளக்குகளைக் கழற்றினான். நாலும் அடுப்படிச் சட்டியின் அடிப்பாகம்போலக் கரி பிடித்திருந்தன.

"பெட்ரோல் கூடப் போகுதுலே. கார்புரேட்டரு சங்கதி" என்றான்.

கார்புரேட்டரைப் பிரிக்க வேண்டுமென்றால் ஏர் கிளீனரை முதலில் கழற்ற வேண்டும். துணியோடு அதைத் தூக்கி, பூசைத்துணி என்பதால் தரையில் வைக்காமல், ஸ்டூல் மேல் மரியாதையாக வைத்தான். கார்புரேட்டரைக் கழுவி மாட்டி, ஏர் கிளீனர் இல்லாமலே ஓடவிட்டுப் பார்த்தான். புகை இல்லை, தடங்கல் இல்லை. "சுத்தம்" என்றான். கிளீனரைத் திரும்ப மாட்டி அனுப்பினான். ஊர் எல்லை தாண்டுவதற்குள் புகைந்தது. மறுபடி போனேன். மறுபடி பிரித்தான், ஊசியை மாற்றினான், ஓடவிட்டான், சுத்தம் என்றான். மூன்றாவது தடவை முதலாளியே கூட வந்திருந்தார்.

"வண்டியில ஒரு கொறையும் இல்ல மொதலாளி" என்றான் சங்கரபாண்டியன். "இனிமே டிரைவரத்தான் கழத்திப் பாக்கணும்."

அவன் வேடிக்கையாகச் சொன்னான். முதலாளி வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு நாலாம் நாள்தான் பந்தல்குடியில் அந்தக் கூத்து.

அன்றைக்கு மத்தியானமே தெருமுனைப் பிள்ளையார் கோயில் வாசலில் சூடத்தைக் கொளுத்திவிட்டார். "அணைச்சுட்டுப் போ. நம்புறேன்" என்றார். தெருவே கூடி நின்றது.

"எங்க வீட்டுல சத்தியம் பண்ற வழக்கமில்ல முதலாளி. எங்க கோயில்லயும் பண்ண மாட்டோம், ஒங்க கோயில்லயும் பண்ண மாட்டேன்."

"மடியில கனம்" என்று ஒரு பெரியவர் முணுமுணுத்தார். சூடம் எரிந்து தானாக அணைந்தது. என் பேரும் அதோடு போனது. அவமானத்தில் எனக்கு அழுகை வரவில்லை. அங்கே நின்ற ஒவ்வொருத்தரையும் அறைய வேண்டும்போல இருந்தது.

ராத்திரி வீட்டில் படுத்தும் மனசு அதையே சுற்றியது. பட்டறையில் ஓடுகிற வண்டி ரோட்டில் ஏன் புகைகிறது? பட்டறையில் இல்லாதது ரோட்டில் என்ன இருக்கிறது? எழுந்து உட்கார்ந்தேன். ஏர் கிளீனர். அதன் மூக்கில் துணி.

விடிந்ததும் நேரே பட்டறைக்குப் போய்ச் சொன்னேன். சங்கரபாண்டியன் ஸ்பானரைத் தூக்கி எறிந்தான், என் மேல் அல்ல, சுவர் மேல். "எனக்கே பாடம் எடுக்கியா? மூணு வாட்டி சுத்தம்னு சொல்லிருக்கேன். இப்ப ஊரு முன்னால துணியாலதான்னு சொல்லவா?"

"பெட்ரோலு கூடல, காத்துதான் கொறையுது. ரெண்டுக்கும் பொகை ஒண்ணுதான். நீ கிளீனரக் கழத்தி வச்சுட்டுச் சோதிச்சா எப்படிலே தெரியும்?"

அவன் ஸ்டூலைப் பார்த்தான். பிறகு ஒரு காலிப் பாட்டிலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

ஒரு லிட்டரை அளந்து ஊற்றி ஓட்டிப் பார்க்கிற சோதனைக்கு முதலாளி ஒத்துக்கொண்டது என்னைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான். டேங்கிலிருந்து வருகிற குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு லிட்டர் பெட்ரோல் அளந்து ஊற்றிய பாட்டிலை எஞ்சின் பக்கத்தில் கம்பியால் கட்டினான் சங்கரபாண்டியன். அதிலிருந்துதான் எஞ்சின் குடிக்கும். இன்னொரு பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினான். முதலாளி என் பக்கத்தில் உட்கார்ந்தார். பந்தல்குடி ரோட்டில் எடுத்தேன். இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. பின்னால் புகை எங்களைத் துரத்தியது.

ஐந்தாவது கிலோமீட்டர் கல்லுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி இருமி நின்றது. பாட்டில் காலி.

"நல்லாப் பாத்துக்கோங்க முதலாளி. ஒரு லிட்டருக்கு அஞ்சு கிலோமீட்டர். நீங்க பக்கத்துலதான் இருந்தீங்க. எங்க ஒளிச்சு வச்சேன், வாயிலயா?"

"வேணும்னே மிதிச்சு ஓட்டிருக்க" என்றார். குரலில் பழைய காரம் இல்லை.

சங்கரபாண்டியன் பானட்டைத் திறந்தான். துணியைப் பார்த்தான், தொடவில்லை. "அவுருங்க மொதலாளி."

"முடியாது. பூசைக்குக் கட்டினது."

"அப்ப இந்த ரெண்டாவது பாட்டில ஊத்த மாட்டேன்."

முதலாளி ரோட்டோரம் போய் நின்றார். தூத்துக்குடியிலிருந்து வந்த பஸ்ஸுக்குக் கை காட்டினார். கூட்டம் தொங்கிக்கொண்டிருந்தது, நிற்காமல் போனது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

"நடந்தே போங்க" என்றான் சங்கரபாண்டியன். "பாட்டிலு என்ன சொல்லுச்சுன்னு ஊருல கேப்பாக. மொதலாளி பாதியில ஓடிட்டாகன்னு சொல்லிருவேன். எம் பேரும் இதுல கெடக்கு."

"நான் தொட்டா வேதக்காரன் தொட்டதாகிரும்" என்றேன். "நீங்க கட்டுனது. நீங்களே அவுருங்க."

உச்சி வெயில். நிழலுக்கு ஒரு கருவேல மரங்கூட இல்லை. கடைசியில் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுடுகிற தார் ரோட்டில் வெறுங்காலோடு நின்று முடிச்சை நெம்பினார். எண்ணெயிலும் புழுதியிலும் முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. சங்கரபாண்டியன் கத்தியை நீட்டினான். அறுக்கக் கூடாதென்று தள்ளிவிட்டார். நகம் கிழிந்து ரத்தம் வந்த பிறகுதான் நூல் விட்டது. துணி குழாயின் வாய் வடிவத்திலேயே கிண்ணம்போலக் கழன்று வந்தது.

புதுச் சேலை எது கைக்கு வந்தாலும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது அவர் வழக்கம். இழை விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று கண்டுபிடித்து நெசவாளியை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். கை பழக்கத்தில் இதையும் சூரியனுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். மழை ஈரத்தில் ஊறின கஞ்சி, எஞ்சின் எண்ணெய், மூன்று மாதத்துக் கரிசல் தூசி எல்லாம் சேர்ந்து அடைத்திருந்தன. பொட்டு வெளிச்சம் இந்தப் பக்கம் வரவில்லை. ரொம்ப நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். துணியைப் பற்றி அவருக்கு நானோ சங்கரபாண்டியனோ சொல்ல ஒன்றுமில்லை.

கண்ணில் ஒற்றிக்கொண்டு அதைச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிளக்குகளைத் துடைத்து மாட்டி, இரண்டாவது பாட்டிலைக் கட்டினோம். எடுத்தேன். முதல் ஒரு பர்லாங்கு பழைய கரியைத் துப்பியது. அப்புறம் புகை நின்றது. பந்தல்குடி மேட்டில் மூன்றாவது கியரிலேயே ஏறியது.

பங்கில் கொண்டுபோய் நிறுத்தினேன். சங்கரபாண்டியன் இறங்கிப் பாட்டிலை அவிழ்த்துத் தூக்கிப் பிடித்தான். ஏழு கிலோமீட்டர் ஓடியும் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது. லாரிக்காரர்களும் மாரிக்கனியும் என்ன சங்கதி என்று பார்த்தார்கள். முதலாளி இறங்கவில்லை. நான் அவர் பக்கத்துக் கதவருகே போய் நின்றேன்.

"இங்க வச்சுத்தான் சொன்னீங்க. இங்க வச்சே மாத்திச் சொல்லுங்க."

அவர் லாரிகளைப் பார்த்தார், டீக்கடையைப் பார்த்தார். பிறகு குனிந்த தலையோடு, மெதுவாக, தெலுங்கில் சொன்னார். உன் மேல் குற்றமில்லை ஞானராஜ், அவசரப்பட்டுவிட்டேன், உன்னை அப்படிச் சொல்லாதீர்கள் என்று லிங்கம்மாளும் அன்றைக்கே சொன்னாள், மனசில் வைத்துக்கொள்ளாதே. ஐந்து வருஷத்தில் அவர் வாயிலிருந்து எனக்கு வந்த நல்ல வார்த்தை அது ஒன்றுதான். உண்மையாகத்தான் சொன்னார்.

"என்னப்பா சொல்லுறாக?" என்று டீக்கடையிலிருந்து ஒருத்தன் கேட்டான்.

பையிலிருந்த சாவியை எடுத்துக் கையில் இறுக்கிக்கொண்டேன்.

"ஏசினது தமிழ்ல முதலாளி. இதையும் தமிழ்லயே சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொலை இருந்தது. கதவை உதைத்துத் திறந்து இறங்கினார். சட்டைப் பையிலிருந்து அந்தத் துணியை உருவி என் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"இவன் திருடலய்யா! பெட்ரோலக் குடிச்சது நான் கட்டுன துணி! போதுமாடா? போதுமா?"

திருட்டுப்பயலே என்று கத்திய அதே குரல், அதே காரம். லாரிக்காரன் ஒருத்தன் வாயைப் பொத்திக்கொண்டான். யாரும் சிரிக்கவில்லை.

மாரிக்கனி ஒரு டீயை ஆற்றி, ரோட்டைத் தாண்டிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். "சூடா இருக்குண்ணே, பாத்து" என்றான்.

"வண்டிய எடு, போகலாம்" என்றார் முதலாளி.

"குடிச்சுட்டு வாரேன்" என்றேன். சாவி என்னிடம் இருந்தது. அவர் வெயிலில் நின்றார். நான் ஊதி ஊதிக் குடித்தேன்.