பெரியப்பாவுக்கு ஒரு சட்டை

பராக்குக்கு அந்தப் பெயரை வைத்தவர் ஸ்டூடியோ முதலாளி. வேலை செய்யும்போது அவள் கண் கணினித் திரையில் இருக்கும். மனசு எங்கேயோ கப்பலேறிப் போயிருக்கும். ஆனால் படத்தில் ஆளைச் சுற்றியுள்ள பின்னணியை நீக்குவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சுருட்டை முடியில் ஓர் இழைகூடத் தப்பாது. பின்னணி போன இடத்தில் சாம்பலும் வெள்ளையுமாகப் பொடிப்பொடிக் கட்டங்கள் தெரியும். கட்டம் தெரிந்தால் அங்கே ஒன்றுமில்லை என்று அர்த்தம். பின்னால் கடலை வைக்கலாம், மலையை வைக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள்?

அந்தத் தைரியத்தில்தான் அவள் அத்தைக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அத்தைக்கு நாற்பத்தொன்பது வயதில் கல்யாணம். வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. அன்று சாயங்காலமே புது வீடு.

"அந்த வீட்டுல எல்லாச் சுவத்துலயும் அவரோட ஆளுங்கதான்டி. சித்தப்பா, சித்தி, ஒரு நாய்கூட இருக்கு. என் பக்கத்துக்கு ஒரு படமாவது வேணாமா? ரெண்டு அண்ணனும் சேர்ந்து நிக்கிற மாதிரி ஒண்ணே ஒண்ணு."

ரெண்டு அண்ணன்கள் என்பது பராக்கின் அப்பாவும் பெரியப்பாவும். அவர்கள் பேசிப் பதினோரு வருஷம். என்ன சண்டை என்று கேட்டால், அம்மா உட்பட எல்லோரும் "அது பெரிய கதை" என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். ஏதோ கொலை, கொள்ளை அளவில் இருக்கும் என்று பராக்கு தானாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தாளு பக்கத்துல நான் நிக்க மாட்டேன்" என்றார் அப்பா.

"நீங்க நிக்கவே வேணாம்ப்பா. தனியா எடுத்துட்டு, நான் நிக்க வைக்கிறேன்."

"அப்ப சரி. ஆனா நான் குள்ளமாத் தெரியக்கூடாது."

திங்கட்கிழமை அப்பா நீலச் சட்டையில் வந்தார். செவ்வாய்க்கிழமை பெரியப்பா வெள்ளைச் சட்டையில் வந்தார். வெள்ளைத் திரைக்கு முன்னால் நின்று, கேமராவைப் பார்த்து முறைத்து, "ஒரு தடவைதான் வருவேன். உங்கப்பன் என்னைவிட ஒசரமா இருந்தான்னா அந்தப் படத்துக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரியப்பாவின் பின்னணியைத் துடைக்கும்போது பராக்கின் மனசு அத்தையின் புது வீட்டுக்குள் நுழைந்திருந்தது. ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கும்? நாயின் படத்துக்குக் கண்ணாடி போட்டிருப்பார்களா? கை தன்பாட்டுக்கு வெள்ளையைத் தொட்டது, 'ஒரே நிறம் எல்லாம்' என்று தேர்ந்தெடுத்தது, அழித்தது, சேமித்தது. அதுவும் அசல் படத்தின் மேலேயே.

மறுநாள் காலை திறந்து பார்த்தால், பெரியப்பாவின் தலை தனியாக முறைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் இரண்டு கை. கீழே பேன்ட். நடுவில் மார்பு முழுக்கச் சாம்பல் கட்டம்.

வெள்ளைத் திரை போனபோது வெள்ளைச் சட்டையும் கூடவே போய்விட்டது.

அசல் இன்னும் பதிவாகியிருக்கும் என்று கேமராவின் மெமரி அட்டையைத் தேடி ஓடினாள். முதலாளி அதிலிருந்ததையெல்லாம் அழித்துவிட்டு ஒரு குழந்தையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பெரியப்பாவுக்குப் போன் செய்தாள்.

"இன்னொரு தடவை வர முடியுமா பெரியப்பா?"

"ஏன், உங்கப்பன் ஒசரம் பத்தலையாமா?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

வேறு வழி? அப்பாவின் படத்திலிருந்து சட்டையை மட்டும் வெட்டினாள். வயிற்றுப் பக்கம் கொஞ்சம் இழுத்தாள். நீலத்தைக் காப்பிப்பொடி நிறமாக்கினாள். பெரியப்பாவுக்கு மாட்டினாள். அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்துவிட்டது. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, உச்சந்தலைக்கு ஒரே கோடு போட்டு, அச்சுக்கும் அனுப்பிவிட்டாள்.

வியாழன் மாலை அத்தை படத்தை வாங்க வந்தாள். உயரத்தைச் சரிபார்க்க அப்பாவும் கூடவே வந்திருந்தார். முதலில் தலைகளைப் பார்த்தார், திருப்தி. பிறகு குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னும் குனிந்தார்.

"இது என் சட்டை."

"இல்லப்பா, அது காப்பிக் கலரு."

"மூணாவது பட்டனைப் பாரு. கறுப்பு நூல். நான் தைச்சது!" அப்பா படத்தை விரலால் தட்டினார். "மறுபடியும் போட்டுட்டான் பாரு! மறுபடியும்!"

பெரிய கதை அங்கே, ஃபிரேம் கடை போலச் சட்டங்கள் சாய்ந்து கிடந்த அந்த அறையில் வெளியே வந்தது. பதினோரு வருஷத்துக்கு முன் அப்பா ஒரு புதுச் சட்டை வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்தார். பெரியப்பா அதைக் கேட்காமல் பிரித்து, ஒரு விருந்துக்குப் போட்டுக்கொண்டு போய்விட்டு வந்து, துவைக்காமல் மடித்து, அட்டையைச் செருகி, ஆறு குண்டூசியையும் இருந்த இடத்திலேயே குத்தி, உறைக்குள் திரும்ப வைத்துவிட்டார்.

"போட்டதுகூடப் பரவாயில்ல. அந்தக் குண்டூசி! அதைத்தான் என்னால மன்னிக்க முடியல."

கொலையும் இல்லை, கொள்ளையும் இல்லை. ஆனால் அதே குற்றத்தைப் பராக்கும் அல்லவா செய்து வைத்திருக்கிறாள், நிறத்தை வேறு மாற்றி!

அத்தை கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். "பெரியண்ணே, நீ சின்னண்ணன் சட்டையைத் திரும்பவும் எடுத்துப் போட்டுக்கிட்டியாமே?"

பத்து நிமிஷத்தில் பெரியப்பா வீட்டுச் செருப்போடு வந்து நின்றார். கையில் சாட்சியாக அந்த வெள்ளைச் சட்டை.

"இதைத்தான்டா போட்டேன்! பார்த்துக்கோ!"

"படத்துல வேற இருக்கே!"

"படத்துல இருந்தா? உன் பொண்ணு மாட்டி விட்டுட்டா, நான் என்னடா பண்ணுவேன்?"

"கழட்டு!"

"எதை? படத்துலருந்தா?"

"குண்டூசி குத்தத் தெரியுது, கழட்டத் தெரியாதா?"

பெரியப்பா தூக்கிப் பிடித்திருந்த சட்டையை இறக்கினார். "அது... மாட்டிக்கக் கூடாதுன்னு குத்தினேன்டா. எண்ணி எண்ணிக் குத்தினேன். விரல்ல ரெண்டு இடம் ரத்தம்."

"நல்லா வேணும்."

பதினோரு வருஷத்தில் அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிய முதல் பேச்சு இது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பராக்குக்குப் பிடிபடவில்லை. முதலாளிக்கு மட்டும் தொழில் புத்தி வேலை செய்தது. இருவரும் அடுத்த சுற்றுக்கு மூச்சு வாங்கிய நேரத்தில் கேமராவைத் தூக்கி அமுக்கிவிட்டார்.

படம் திரையில் வந்தது. அப்பாவின் விரல் பெரியப்பாவின் மார்பில். பெரியப்பாவின் வாய் திறந்தபடி. பின்னால் உடைந்த பிளாஸ்டிக் ஸ்டூல், முதலாளியின் குடை, குழந்தை விட்டுப்போன ஒற்றைக் காலுறை.

"பின்னாடி இருக்கறதையெல்லாம் எடுத்துடறேன் அத்தை. ரெண்டே நிமிஷம்."

"கை வெச்சே, கையை ஒடிப்பேன்" என்றாள் அத்தை. "அந்த ஸ்டூலும் இருக்கட்டும்."

புதுப் படத்தைக் காலைக்குள் அச்சடித்து வைக்கச் சொல்லிவிட்டு அவள் வெளியேறினாள். பின்னால் போன அப்பா மட்டும் கதவருகிலிருந்து திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"அவ பார்க்காத நேரத்துல, அந்தாளை ஒரு அரை அங்குலம் இறக்கிடேன்."

"முடியாதுப்பா. இப்பத்தான் உங்களை இறக்கச் சொல்லிட்டுப் போறாரு பெரியப்பா."