பீங்கான் ஃபியூஸ்

அவள் காலால் மிதித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். தையல் மோட்டாரைக் கழற்றி மூலையில் வைத்தாயிற்று. வெட்டிய துணி பறக்காமலிருக்க அதன்மேல் பழைய பீங்கான் ஃபியூஸ் ஒன்று. வீட்டில் இப்போது கரண்டில் ஓடுவது கட்டிலருகே கணவருக்கு ஆக்சிஜன் தரும் பெட்டி மட்டும்தான். அதன் இரைச்சலை அவள் காதால் கேட்பதை விட்டு நாளாயிற்று, நெஞ்சால்தான் கேட்டாள்.

சுவரில் புது மீட்டர் கீச்சிட்டது. முன்பணம் தீரப்போகிறது.

"மோட்டாரைக்கூட போடலையே, அதுக்குள்ளயா?"

"போடலைன்னாலும் தின்னும்." கணவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். வாரியம் தனியார் கம்பெனி கைக்குப் போனதிலிருந்து, பணம் தீர்ந்தால் மீட்டர் தானாகவே கரண்ட்டை நிறுத்திவிடுகிறது. "பில்லு கட்டாத வீட்ல நாங்க ஃபியூஸப் புடுங்கினா, அந்த வீட்டுப் பொம்பளை கையிலயே கொடுத்துட்டு வருவோம். பத்திரமா வச்சுக்கம்மான்னு." மூச்சு வாங்கியது. "அதுக்கு மேல சொல்லவேணாம். குழந்தை புழுக்கத்துல அழுதா அவங்களே மாட்டிக்குவாங்க."

வாசலில் இஸ்திரிக்காரம்மா நின்றாள். "கெளம்பு தங்கச்சி. கரண்ட்டை வாரியத்துக்கே திருப்பிக் கொடுன்னு கம்பெனி வாசல்ல உக்காரப் போறோம்."

"இவரை விட்டுட்டு எப்படிக்கா?"

"என் பொட்டியில கரி போட்டுக்கிட்டேன். உன் வீட்டுக்காரர் பொட்டியில என்னத்தைப் போடுவே?"

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. "போயிட்டு வா. அப்படியே அங்க பணத்தையும் கட்டிடு."

கம்பெனிப் படிகளில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். கோஷம் போட்டபோது அவள் குரலும் எழுந்தது. இவ்வளவு பெரிய குரலை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தோம் என்றிருந்தது. கைக்குள் மடித்திருந்த தையல் கூலியை மறந்தாள். பெட்டியின் இரைச்சலையும் மறந்தாள். நினைவு வந்ததும் எழுந்து ஓடினாள்.

பணம் கட்டும் ஜன்னலில் ஷட்டர் இறங்கியிருந்தது.

"கூட்டம் கலைஞ்சாத்தான் தொறப்பாங்க," என்றான் காவலாளி.

"நான் கட்டத்தான்யா வந்திருக்கேன்."

"கத்தினதும் நீங்கதானேம்மா?"

அவள் திரும்பினாள். அந்த முகத்தைப் பார்த்த இஸ்திரிக்காரம்மா சட்டென எழுந்தாள். "எந்திரிங்கடி எல்லாரும். அங்க அவ புருஷன் மூச்சு நின்னுடும்."

ஒருத்தி முணுமுணுத்தாள். பிறகு அவளும் எழுந்தாள். படிகள் காலியாயின. காவலாளி உள்ளே போய் வந்தான்.

"கேஷியர் பின்வாசல் வழியா அப்பவே கெளம்பிட்டாராம். இனி நாளைக்குத்தான்."

வீட்டு வாசலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரைச்சல் இல்லை.

அவர் கட்டிலை விட்டிறங்கித் தையல் மிஷின்வரை ஊர்ந்து வந்திருந்தார். தோள்கள் ஏறி இறங்கின. உதடுகளில் நீலம். துணிமேலிருந்த ஃபியூஸ் அவர் கையில் இருந்தது. அதை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். பேச்சு வரவில்லை. கண்ணால் சுவரைக் காட்டினார்.

அவள் ஃபியூஸோடு மீட்டர்முன் போய் நின்றாள். வழவழவென்றிருந்த மீட்டர் மூடியில், விளிம்பிலிருந்து விளிம்புவரை, ஃபியூஸ் மாட்ட விரலால் ஒரு பிளவைத் தேடத் தொடங்கினாள்.