காலிச் சீசா போன வழி

சுமாலிக்கு விளங்காதது இதுதான்: மூன்று வாரத்துக்கு முன்னால் அவளே ஊசியால் மருந்தை உறிஞ்சிக் காலி செய்த சீசா, ஊரின் மறுகோடியில் ஒரு வாடகை அறையில் எப்படி நிரம்பிக் கிடந்தது?

வட தாய்லாந்தின் லாம்பாங் ஊரில், கடைத்தெருவில் முகச்சுருக்கத்துக்கு ஊசி போடும் கிளினிக்கில் அவள் தலைமை நர்ஸ். பையில் ஊசியோடு வீடு வீடாகப் போகும் போலி டாக்டர் ஒருவன் தன் வாடகை அறையில் பிடிபட்டிருந்தான். அவன் ஊசி போட்ட பெண்ணுக்கு நெற்றி வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. அவன் பையில் பெட்டியோடு இருந்த சீசாவின் எண் கிளினிக் பதிவேட்டில் இருந்தது. பத்து நாளில் விளக்கம் தராவிட்டால் கிளினிக்கின் உரிமம் ரத்து. சுமாலிதான் விற்றிருப்பாள் என்று சுகாதார அலுவலகத்தில் பேச்சு.

அந்தச் சீசா விசித்திரமானது. புதிதாக வரும்போதே காலி போலத்தான் இருக்கும். மருந்து அடியில் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். உள்ளே காற்றே கிடையாது. ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தினால், மருந்தைக் கரைக்கும் உப்புநீரைச் சீசா தானாகவே இழுத்துக்கொள்ளும். இழுக்காவிட்டால் யாரோ முன்பே குத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். படுத்திருக்கும் வாடிக்கையாளருக்கு இது எங்கே தெரியும்? பெட்டியிலுள்ள குறியீட்டைப் போனில் காட்டினால் ‘அசல்’ என்று வரும். பெட்டி அசல், சீசா அசல், உள்ளே இருப்பது மட்டும் வேறு.

அப்படியானால் வெளியே போனது காலிச் சீசா. யார் வழியாக?

“மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சுக்கிட்டா சுருக்கம் விழும்டி. அப்புறம் ஓசியில ஊசி கேப்ப,” என்றாள் தரை துடைத்துக்கொண்டிருந்த புவாலாய்.

புவாலாய் இன்று துப்புரவுப் பணியாள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஸ்டேஷன் ரோட்டு சலூன் முதலாளி, சுமாலிக்கு முதல் வேலை தந்தவள். சனிக்கிழமைகளில் தலை உலர்த்தும் தொப்பிகள் இரைய, ரேடியோ பாட, எல்லாரும் ஒட்டரிசிச் சோற்றை உருட்டி மிளகாய்த் துவையலில் தோய்த்துத் தின்றபடி ஊர்க்கதை பேசுவார்கள். அங்கேயும் ஒருவர் பையோடு வருவார், ‘டாக்டர்’ சகோன். எங்கே படித்தார், சீசாவில் என்ன இருக்கிறது என்று ஒருத்தியும் கேட்டதில்லை. அவர் புவாலாயின் மூக்கில் சிலிக்கோன் ஏற்றியபோது கண்ணாடி பிடித்தவள் சுமாலி. எல்லாரும் கைதட்டினார்கள். அது பிறகு நுனிக்கு இறங்கி, மழைக்காலத்தில் சிவந்து வலிக்கும். ஆனாலும் அந்தச் சலூனின் முடி சுருட்டும் மருந்து வாசனையை நினைத்தால் சுமாலிக்கு இப்போதும் நெஞ்சு இளகும். க்ரீம் டப்பாவைக்கூட எறிய விடமாட்டாள் புவாலாய். கழுவிப் புளி அரைத்து நிரப்பி...

சுமாலி நிமிர்ந்தாள். “அக்கா, காலிச் சீசாவெல்லாம் எங்க போகுது?”

“சிவப்புக் குப்பைத் தொட்டிக்கு.”

“எல்லாமுமா?”

புவாலாய் துடைப்பானைச் சுவரில் சாய்த்தாள். “மூடியில அலுமினியம் இருக்குல்ல. கால் இல்லாதவங்களுக்குப் பொய்க்கால் செய்ய கோயில்ல சேக்கிறாங்க. அந்த வளையத்தைக் கழட்ட எனக்கு வரல, அதான் கழுவி முழுசாவே குடுத்துடுவேன்.”

“பெட்டியும் சேந்து போயிருக்கே, அது எதுக்குக்கா?”

“தானம் குடுக்கிறத வெறுமனே நீட்டுவாங்களா? பெட்டியில போட்டுக் குடுத்தாத்தான அழகு.”

கோயில் முற்றத்தில் சாக்குகள் திறந்தே கிடக்கும். யாரும் குனிந்து பொறுக்கலாம். அங்கிருந்துதான் அந்தப் போலி டாக்டர் எடுத்திருப்பான் என்று சுமாலி சொல்லச் சொல்ல, புவாலாயின் கை தன் மூக்குக்குப் போனது.

“சகோன் மாதிரி ஒருத்தனுக்கு நானே எடுத்துக் குடுத்திருக்கேன்,” என்றாள். “என் பேர எழுதிடு. வேலை போனாப் போகுது.”

“ரெண்டு பேர் பேரையும் எழுதறேன். மருந்துக்குப் பூட்டு போட்டேனே தவிர, குப்பையைப் பாக்காதது நான்.”

விளக்கத்தோடு ஒரு புது முறையையும் எழுதிக் கொடுத்தாள். சுகாதார ஆய்வாளர் நேரில் வந்து, அதைச் செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டு உரிமத்தை விட்டுவைத்தார். முறை இதுதான்: ஊசி முடிந்ததும், வாடிக்கையாளர் கண்முன்னாலேயே சீசாவின் லேபிளை உரித்து அவருடைய அட்டையில் ஒட்டுவது, பெட்டியின் குறியீட்டைத் துண்டு துண்டாக வெட்டுவது, குறடால் அலுமினிய வளையத்தை அறுத்தெடுப்பது. கிருமிநாசினியில் ஊறிய வளையம் கோயிலுக்கு, கண்ணாடியும் ரப்பரும் சிவப்புத் தொட்டிக்கு. வளையம் அறுந்த, லேபிள் இல்லாத சீசாவை யாராலும் புதிது என்று விற்க முடியாது.