எதிர்வீட்டு வாசல்

வாசல் கேமராவின் பதிவுப் பெட்டிக்குப் பெரிய டிஸ்க் மாற்றிய மறுநாள் காலையில்தான் என் மனைவியைக் காணவில்லை. பின்பக்கம் துணி காயப்போட்டுவிட்டு வருகிறேன், கேட் திறந்து கிடக்கிறது. கொஞ்ச காலமாக அவளுக்கு ஞாபகம் தடுமாறுகிறது. சில நாள் என்னையே, "நீங்க யாருங்க? எங்க வீட்டுக்காரர் வர்ற நேரம், கிளம்புங்க" என்று விரட்டுவாள். தெருவில் இறங்கிப் பார்த்தேன். இடப்பக்கம் போனால் லாரி ஓடும் ரோடு. வலப்பக்கம் போனால் தண்டவாளம். எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஓடி என்ன பயன்? கேமரா இருக்கிறதே என்று உள்ளே வந்து பெட்டி முன் உட்கார்ந்தேன்.

நேரடிப் படம் நன்றாகத் தெரிந்தது. இன்றைய தேதியைப் போட்டுத் தேடினால் 'பதிவு இல்லை' என்றது. நேற்றைப் போட்டாலும் அதே பாட்டு. நான் படித்தது ஐந்தாவது. ஏமாற்றுக்காரனைக் கண்டுபிடிக்க அது போதும். காலி டப்பாவை மாட்டிவிட்டுப் போயிருக்கிறான் என்று டிஸ்க் மாற்றிய மெக்கானிக்கைப் போனில் பிடித்து, வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன்.

"ஐயா, முன்னாடி சிவப்பு லைட் மினுக்குதா?"

"மினுக்குது. அதை வெச்சு நான் என்ன பண்ண?"

"அப்ப பதிவாகுதுங்க. இருங்க, நேர்லயே வர்றேன்."

என் சத்தம் கேட்டு எதிர்வீட்டு பஸ் டிரைவர் செருப்புகூடப் போடாமல் வந்து நின்றான். எனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. என் கேட் ஓரம் குப்பை போடுவது அவன்தான் என்பது என் முடிவு. கேமரா வைத்ததே அவனைப் பிடிக்கத்தான்.

"என்ன பெரியவரே, அம்மா எங்க?"

"காணோம்ப்பா."

உள்ளே விடத் தயக்கமாக இருந்தது. திரையில் என் கேட் ஒரு ஓரமாகத்தான் தெரியும். மிச்சமெல்லாம் அவன் வாசல், அவன் படி, அவன் பைக், கொடியில் அவன் பனியன். வேறு வழியில்லை, விலகி நின்றேன்.

திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"சொல்லியிருந்தா வீட்டுக்குப் பெயிண்டாவது அடிச்சிருப்பேனே."

எனக்குக் காது சுட்டது. அவன் அதற்குள் திரையின் மூலையில் விரலை வைத்துவிட்டான்.

"இப்ப மணி ஒம்பது. இது மத்தியானம் மூணுங்குது. தேதியப் பாருங்க, ரெண்டாயிரம், ஜனவரி ஒண்ணு! எங்க பஸ்ஸுல இருக்கிற பெட்டியும் இப்படித்தான், கரண்டை எடுத்துட்டா வருஷத்தை மறந்துடும்."

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பெட்டி ஏதோ பழைய வருடத்தில் உட்கார்ந்துகொண்டு, அதுபாட்டுக்கு எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருந்தது. நான்தான் அதை இன்றைக்கு வந்து தேடியிருக்கிறேன்.

அவன் அந்தத் தேதியைப் போட்டான். என் மனைவி வெளியே வந்தாள். இடமும் போகவில்லை, வலமும் போகவில்லை. நேரே தெருவைக் கடந்து, பைக்கைச் சுற்றிக்கொண்டு, அவன் வீட்டுச் சந்துக்குள் போனாள். போகிற வழியில் அந்தப் பனியனையும் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"அட, எங்க வீட்டுக்கா!" என்று அவன் ஓடினான். நானும் ஓடினேன்.

பின்பக்கம் மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து, பனியனை மடியில் வைத்து ஒழுங்காக மடித்துக்கொண்டிருந்தாள். அவனுடைய தோளைப் பிடித்துக்கொண்டேன். அவன் நகரவில்லை.

"எங்க வீட்டுக்காரர் வந்துட்டாரா தம்பி?"

"வந்துட்டாரும்மா. இதோ நிக்கிறாரு."

மெக்கானிக் வந்து பெட்டிக்குள் இருந்த சின்ன பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்தான். எனக்கு மன்னிப்பெல்லாம் கேட்கத் தெரியாது. இரண்டு பேருக்கும் காபி போட்டுக் கொடுத்தேன், சர்க்கரை தாராளமாக.

"கேமராவை உங்க கேட்டுப் பக்கம் திருப்பிடவா ஐயா?" என்றான் மெக்கானிக்.

நான் டிரைவரைப் பார்த்தேன்.

"இன்னொண்ணு வாங்கி அங்க மாட்டு. இது இப்படியே இருக்கட்டும்" என்றான் அவன்.

குப்பை போடுவது யாரென்று இன்னும் தெரியவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவன் படியில் நின்று கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்குகிறான். உள்ளே, திரைக்கு முன் உட்கார்ந்திருக்கும் என் மனைவி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பதிலுக்குக் கையைத் தூக்குகிறாள்.