நாளைக்கு மாமா கப்பலுக்குப் போனது

குடும்பத்தில் அவருக்கு வைத்த பெயர் நாளைக்கு. அக்காவின் பிள்ளைகளுக்கு நாளைக்கு மாமா. தையல்காரர் சொன்ன நாளில் துணி கொடுக்காமல் இழுத்தடிப்பது எந்த ஊரிலும் நடக்கிறதுதான். ஆனால் இவர் துணியில் கத்திரியே வைத்திருக்க மாட்டார், "காஜா மட்டும்தான் பாக்கி" என்று முகம் மாறாமல் சொல்வார். வாடிக்கையாளர்கள் மட்டும் என்ன, இளிச்சவாயர்களா? இருபதாம் தேதி கல்யாணத்தைப் பத்தாம் தேதி என்று சொல்லித் துணி கொடுப்பார்கள். அது இவருக்கும் தெரியும். அந்தப் பத்து நாளைக் கழித்துக்கொண்டுதான் வேலையில் உட்காருவார். இரண்டு பக்கத்துப் பொய்யும் ஒன்றையொன்று தின்றுவிட, மாப்பிள்ளைக்குச் சட்டை எப்படியோ காலையில் வந்து சேர்ந்துவிடும். அப்படியே காலம் ஓடியிருந்தது.

வீட்டிலும் அதே கணக்குதான். பன்னிரண்டு மணிச் சாப்பாட்டுக்கு அக்கா இவரிடம் பத்து என்பாள். இவர் பன்னிரண்டரைக்குப் போய் நிற்பார்.

அதனால்தான் கப்பல் விஷயமாக அக்கா போன் செய்தபோதும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"மூணு மணிக்குக் கதவ மூடிருவாங்கடா. இது உனக்குன்னு சொல்ற நேரம் இல்ல, நெஜ நேரம். புயல் வேற வருதுங்கறாங்க, அதுக்குள்ள கப்பல எடுத்துருவாங்களாம். பத்து மணிக்கெல்லாம் அம்மாவக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிடு."

"சரிக்கா, சரிக்கா."

மூணு என்றால் அஞ்சு என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டார்.

அம்மாவுக்கு எழுபத்தைந்து நிறைந்ததற்காக அக்கா மொத்தக் குடும்பத்துக்கும் ஏற்பாடு செய்த கப்பல் பயணம் அது. அம்மா துறைமுகத்துக் கேன்டீனில் தட்டுக் கழுவி இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கியவள். கழுவுகிற தொட்டிக்கு மேலே ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அதற்குள் கப்பல் வரும், போகும். ஊதுகிற சத்தத்தை வைத்தே எந்தக் கப்பல் வருகிறது, எது புறப்படுகிறது என்று சொல்லிவிடுவாள். ஒன்றில்கூடக் கால் வைத்ததில்லை.

அன்று காலையில் அம்மா விடியும் முன்பே குளித்துவிட்டு, கடையில் வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில் வந்து உட்கார்ந்துகொண்டாள். காலுக்கிடையில் பெட்டி. பெட்டியின் கைப்பிடியில் கப்பல்காரர்கள் கொடுத்த மஞ்சள் அட்டை. அதில் அவள் பெயரும் அக்காவின் போன் நம்பரும். மடியில், பேத்தி வாங்கி அனுப்பிய பெரிய விளிம்பு வைத்த தொப்பி. வாடகைக் காரும் வாசலில் வந்து நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஒருவர் கோட்டும் கையுமாக வந்தார். கை நீளமாம், சாயங்காலம் போட வேண்டுமாம்.

"அரை மணி வேலை, உக்காருங்க" என்றார் நாளைக்கு மாமா.

கையைப் பிரித்தால் உள்துணி கிழிந்திருந்தது. அதையும் சேர்த்துத் தைத்தார். டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். அம்மா ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள்.

"மேகம் கறுத்துக்கிட்டு வருதுடா."

"தூறல்தாம்மா. நேரம் கெடக்கு."

அரை மணி வேலை மதியம் தாண்டும்வரை இழுத்தது. அதற்குள் அம்மா பெட்டியோடு காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள்.

ஊரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அதை மழை என்று சொல்வதா, வானத்தைக் கவிழ்த்துக் கொட்டியது என்று சொல்வதா தெரியவில்லை. காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. ரோடு எது, வயல் எது என்று தெரியாமல் ஒரே வெள்ளமாக இருந்தது.

"வைப்பர் தண்ணியத் தள்ளல சார், தண்ணிதான் வைப்பரத் தள்ளுது" என்றார் டிரைவர். "பத்து மணிக்கே எடுத்திருந்தா இந்நேரம் நான் வீட்டுக்குத் திரும்பிப் போயிருப்பேன்."

அக்காவின் போன் வந்தது.

"எங்கடா இருக்க?"

"முக்கால்வாசி வந்தாச்சுக்கா."

பாதிகூட வந்திருக்கவில்லை. பின்சீட்டிலிருந்து அம்மா மெல்லச் சொன்னாள்: "காஜா மட்டும்தான் பாக்கின்னு சொல்லு."

டிரைவர் சிரித்துவிட்டார். நாளைக்கு மாமாவும் சிரிக்கத்தான் பார்த்தார். அப்போது போனுக்குள், அக்காவுக்குப் பின்னாலிருந்து, ஒலிபெருக்கி கேட்டது. மூன்று மணிக்குக் கதவு மூடப்படும், பயணிகள் விரைந்து வரவும். இரண்டாம் முறையும் அதையே சொன்னது.

அக்கா இந்தத் தடவை நிஜத்தைத்தான் சொல்லியிருக்கிறாள். இது நிஜ நேரம் என்று முன்கூட்டியே எச்சரித்தும் இருக்கிறாள்.

"கொஞ்சம் அழுத்துங்க" என்றார் டிரைவரிடம்.

"தண்ணிக்குள்ள எத சார் அழுத்தறது?"

துறைமுக ஊரின் எல்லையில் கயிறு கட்டி வழியை மறித்திருந்தார்கள். மழைக்கோட்டு போட்ட போலீஸ்காரம்மா ஜன்னலில் குனிந்தார். மரம் விழுந்திருக்கிறது, அவசர வண்டி தவிர எதுவும் உள்ளே போகக் கூடாது என்றார்.

"அம்மாவுக்கு நெஞ்சு வலி மேடம்."

யோசித்துச் சொல்லவில்லை. பழகிய நாக்கு, தானாகச் சொல்லிவிட்டது. போலீஸ்காரம்மா டார்ச்சைப் பின்சீட்டுக்குத் திருப்பினார்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் வந்தால் நான் இல்லை என்று சொல்லும்மா என்று மகன் எவ்வளவு கெஞ்சினாலும், "உள்ளதான் இருக்கான், இல்லன்னு சொல்லச் சொன்னான்" என்று சொல்கிறவள் அவள். அந்த அம்மா மகனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தொப்பியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, சீட்டில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள். அவருக்கு அங்கேயே, அந்த வெள்ளத்திலேயே, இறங்கி எங்காவது போய்விடலாம் போல இருந்தது.

"ஆஸ்பத்திரி பக்கத்துலதான். என் ஜீப் பின்னாலயே வாங்க" என்றார் போலீஸ்காரம்மா.

கயிறு அவிழ்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் ஜீப் இடது பக்கம் திரும்பியது.

"சார், துறைமுகம் வலது பக்கம்."

"தெரியும்."

"அப்ப?"

"அவங்க பின்னாலயே போங்க."

வழியில் ஒரு கிளை குறுக்கே கிடந்தது. போலீஸ்காரம்மா முழங்கால் தண்ணீரில் இறங்கி, தனியாளாக அதை இழுத்துப் போட்டார். திரும்பி, பயப்படாதீர்கள் என்பதுபோல் கையைக் காட்டினார். பதிலுக்கு இவர் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் தயாராக நின்றது. அம்மாவைப் படுக்கவைத்து, பெட்டியையும் தொப்பியையும் கால்மாட்டில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். "ஒண்ணுமில்லைங்க, இப்ப பரவாயில்ல" என்று இவர் பின்னாலேயே ஓடினார். ஒருவரும் காதில் வாங்கவில்லை. கண்ணாடிக் கதவு முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது.

வராந்தா முழுக்க ஆட்கள். கூரைத் தகடு வெட்டிய தோளோடு ஒருவர் சுவரில் சாய்ந்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அம்மாவின் கட்டிலை ஒட்டி, காலில் கட்டுப் போட்ட ஒரு பெண் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். அந்தக் கட்டில் அவளுக்குப் போயிருக்க வேண்டியது. அது அவருக்கு விளங்க அதிக நேரம் ஆகவில்லை.

நர்ஸ் வெளியே வந்தாள்.

"ஈசிஜி நல்லாத்தான் இருக்கு, பயப்படாதீங்க. பெட்டில இருந்த அட்டையப் பாத்து அந்த நம்பருக்குப் பேசிட்டேன். உங்க அக்காவாமே? வந்துக்கிட்டு இருக்காங்க."

"அக்கா மட்டுமா?"

"எல்லாரும்னுதான் சொன்னாங்க."

இவர் போனை எடுத்தார். லைன் செத்துக் கிடந்தது. சுவர்க் கடிகாரத்தில் மூன்றாக இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஓடிப்போய்த் தடுத்துவிடலாமா என்று வாசல்வரை போனார். அதற்குள் அவர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். அக்கா, அக்கா வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள். நால்வர் கழுத்திலும் கப்பலின் அடையாள அட்டை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. உள்ளே ஏறாமல், அம்மா வரட்டும் என்று கதவடியிலேயே காத்திருந்தார்களாம்.

அக்கா ஓடிவந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அழுகையில் வார்த்தை குழறியது.

"கப்பல் கெடக்குதுடா, போகட்டும். நல்லவேளை, நீ நேரத்துக்குக் கொண்டாந்து சேத்துட்ட."

நேரத்துக்கு. பிறந்ததிலிருந்து அக்கா அவரைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவர் கையை உருவப் பார்த்தார். அவள் விடவில்லை. "என் தம்பிடா" என்று பிள்ளைகளிடம் வேறு சொன்னாள். அக்கா வீட்டுக்காரர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

நர்ஸ் எல்லோரையும் உள்ளே விட்டாள். அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா பண்ணுது?"

அம்மா மகளைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். "கொஞ்சம் தல சுத்துச்சு. அவ்வளவுதான்" என்றாள்.

அப்போது தூரத்தில் கப்பல் ஊதியது. மழைக்குள்ளிருந்து நீளமாக ஒன்று, அதன் பின் குட்டையாக ஒன்று. அம்மாவின் தலை தானாக ஜன்னல் பக்கம் திரும்பியது. "கிளம்பிட்டான்" என்றாள், கேன்டீனில் சொல்கிற மாதிரியே.

நாளைக்கு மாமா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. நெஞ்சு வலின்னு நான்தான் போலீஸ்கிட்டச் சொன்னேன்."

அக்காவுக்குப் புரியவில்லை. "மரம் விழுந்து மாட்டிக்கிட்டீங்களா?" என்று அவளே ஒரு வழி எடுத்துக்கொடுத்தாள்.

"மரம் அப்புறம்தான்க்கா. நான் கிளம்பினதே லேட்டு."

"எத்தன மணிக்குடா கிளம்பின?"

பதினொன்று என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டரைக்கு."

அக்கா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்தாள். பிள்ளைகள் மாமாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். ஒருவராவது நாளைக்கு என்று கூப்பிட்டுக் கேலி செய்ய மாட்டார்களா என்று அவர் காத்திருந்தார். ஒருவரும் கூப்பிடவில்லை.

அம்மா கட்டிலை விட்டு இறங்கினாள். "இந்தப் பொண்ண மேல படுக்க வைங்கம்மா" என்று நர்ஸிடம் சொன்னாள். கால் கட்டுப் போட்ட பெண்ணை நர்ஸ் தலைப்பக்கமும் இவர் கால்பக்கமும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். அந்தப் பெண், "உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள். அதையும் அவர் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

வராந்தாவில் அம்மா பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். தொப்பியின் விளிம்பிலிருந்த ஈரத்தைத் துடைத்தபடி, நிமிராமல் கேட்டாள்:

"அந்தக் கோட்ட அவருக்குக் குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேம்மா."

"சாயங்காலத்துக்குள்ள வேணும்னாரே."

"ஆமாம்மா. அதுக்கு முன்னாடியே குடுத்துட்டேன்."

"நல்லது" என்றாள் அம்மா.